சீல் சரியாக இருந்த மின்னஞ்சல்

மகேசு, இந்தக் கடிதத்தைப் பாஷா பாய் தன் கையால் உன் கையில் கொடுத்தால் மட்டும் பிரித்துப் படி. நடுவில் வேறு யாராவது வாங்கி, "உங்க நைனா குடுக்கச் சொன்னாரு" என்று நீட்டினால், உறையின் மேல் அச்சு அசலாக என் கையெழுத்தே இருந்தாலும் வாங்காதே. சிரிக்காதே, காரணம் இருக்கிறது. ராயபுரத்துப் பாஷா பாய் வெள்ளிக்கிழமை ரயிலேறி, விசாகப்பட்டினத்தில் உன் கப்பலில் சமையல்காரராகச் சேர்கிறார் என்று கேள்விப்பட்டதும் உன் அம்மா சுறாக் கருவாட்டைப் பொட்டலம் கட்டினாள், நான் பேனாவை எடுத்தேன். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஐந்து நாளுக்கு முன்பு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உன் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. 'கப்பல் படங்கள்' என்று தலைப்பு. கூடவே பூட்டுப் போட்ட கோப்பு ஒன்று. அதைத் திறப்பதற்கு ஆறு இலக்க எண் ஒன்று. நீ கப்பலேறி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. நடுக்கடலில் உன் போன் எடுப்பதில்லை, கரை தொட்டால்தான் உன் குரல். கடலின் அடித்தரையை அளக்கிற கப்பலில், ஆரஞ்சு உடுப்பும் தலைக்கவசமும் போட்டு என் மகள் நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உன் அம்மா துடிக்கிறாள். நான் இன்னும் திறக்கவில்லை. அதை அனுப்பியது நீதானா, இல்லையா? அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் நீ பதில் சொல்வதற்கு முன் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு வருடமாக அதை வாயில் அடக்கி வைத்திருக்கிறேன். நான் ஒரு விஷயத்தை ஒரு வருடம் வாயில் அடக்கினேன் என்றால் அது எவ்வளவு பெரியது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் யார்டில் முப்பத்தோரு வருடம் கேட்டில் நின்றவன் நான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனவன்தான், ஆனால் கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் நம்பரைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை டன், டிரைவர் காலையில் நாஷ்டா சாப்பிட்டானா என்பது வரை சொல்லிவிடுவேன். என் வேலை என்ன? கதவில் மாட்டியிருக்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, சீலில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது. ஒத்துப்போனால் உள்ளே விடு. ஒத்துப்போகாவிட்டால் மந்திரியே வந்தாலும் ஓரங்கட்டு. நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரு கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கன்டெய்னர் வந்தது, சீல் புத்தம் புதுசு, எண்ணெல்லாம் கச்சிதம், எல்லோரும் விடச் சொன்னார்கள். நான் மட்டும் கதவுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "நில்லு மாமு, இந்த ரிவிட்டு மட்டும் இன்னாத்துக்கு புதுசா கீது?" என்று கேட்டேன். திருடர்கள் சீலைத் தொடாமலே, கைப்பிடியைக் கதவோடு பிணைக்கிற ரிவிட்டு ஆணியை அறுத்து, சரக்கை எடுத்துவிட்டு, வேறு ரிவிட்டு அடித்துப் பெயின்ட் பூசியிருந்தார்கள். அதிகாரிகள் எனக்கு சல்யூட் அடித்தார்கள், நீ உன் வகுப்பில் போய்ச் சொன்னாய், உன் டீச்சர் கைதட்டச் சொன்னார். அந்தக் கதைக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

நீ கல்லூரி சேர்ந்த வருடம் விம்கோ நகர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் என்று நான் சொல்லி வந்தேன். எதிர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்ததை அவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அது அவர்கள் தப்பு. வந்த அன்றே நீ எனக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கினாய். அதில் நான் மின்னஞ்சல் பார்க்கலாம், படம் பார்க்கலாம், ஆனால் புதிதாக எதையும் உள்ளே ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டுமென்றால் உன் கடவுச்சொல்லைக் கேட்கும். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாம்மே, என் வூட்ல எனக்கே கேட் பாஸா?"

"ஆமா நைனா. உங்க யார்டுல லாரி டிரைவர் உள்ள வர்லாம். கிரேன் மேல ஏறி ஓட்ட முடியுமா?"

"அது வேற."

"இது அதேதான். உன் கணக்குல எதுனா கலீஜ் பூந்துச்சுன்னா உன்னோட நிக்கும். என் சாவி கெடச்சா வூடு பூரா பரவிடும்."

உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உன் தோளுக்குப் பின்னால் நின்று, நீ தட்டும்போது விரல்களைப் பார்த்துப் பார்த்து உன் கடவுச்சொல்லை மூன்றே நாளில் மனப்பாடம் பண்ணினேன். கன்டெய்னர் நம்பரை ஓடுகிற லாரியில் படித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று மார்தட்டிக்கொண்டேன். மகளின் வீட்டுச் சாவியைத் திருடினோம் என்று அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு நீ செய்ததையெல்லாம் நான் கிண்டல் பண்ணினேன். கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது, கரண்ட் வீணாகிறதே என்று சுவிட்சை அணைப்பேன். நீ திரும்ப வந்து முதலிலிருந்து ஓட விடுவாய். பக்கத்து வீட்டு அண்ணாமலையின் பையன் ஓசி விளையாட்டு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும், பீரோ மேலே இருக்கும் பிஸ்கட் டப்பாவை இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்துச் சொருகி, உன் வேலையையெல்லாம் அதில் நகல் எடுத்து, மறுபடி பிடுங்கி டப்பாவில் போட்டு மூடுவாய். "எப்பவும் சொருவியே வெச்சா இன்னா? தெனம் ஒரு பேஜாரு மிச்சம்" என்று கேட்டேன். "சொருவியே வெச்சா பொட்டி கெட்டுச்சுன்னா இதுவும் கூடவே கெட்டுப்பூடும் நைனா. தனியா கீதுன்னாதான் காப்பு" என்றாய். கூடவே, "உன் படத்தையும் சேத்துக்கவா?" என்றும் கேட்டாய். அப்போதுதான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். யார்டில் எனக்கு மாலை போட்டு எடுத்த நூற்றுப் பதினெட்டுப் படங்கள் என் கணக்கில் இருந்தன. "என் சரக்க நான் பாத்துக்கறேன், நீ உன் வேலய பாரு" என்றேன்.

உன் வேலை என்ன சாதாரண வேலையா? இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல், உன் மாமன் சேகரின் படகில் எண்ணூர் கழிமுகத்துக்குப் போனாய். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் இறக்கி, இங்கே எத்தனை அடி, அங்கே எத்தனை அடி என்று அளந்தாய். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து எந்த இடம் மேடாகிவிட்டது, படகு எங்கே தட்டும், இறால் எங்கே ஒதுங்கும் என்று ஒவ்வொரு இடமாகக் குறித்தாய். முழங்கால் வரை சேற்றோடு நீ வாசலில் வந்து நிற்கும்போது உன் அம்மா திட்டுவாள். நான் உள்ளே உட்கார்ந்து, என் மகள் கடலுக்கே அளவு எடுக்கிறாள் என்று போனில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அத்தனை அளவும், அதை வைத்து நீ வரைந்த வரைபடமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இந்தக் கப்பல் வேலைக்கு உன்னைக் கூப்பிடுவார்கள் என்று உன் பேராசிரியர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் புதன்கிழமை நடந்தது.

நீ கல்லூரிக்குப் போயிருந்தாய். எனக்குக் கால் வீங்கியிருந்தது. வேலை இல்லாத மனுஷனுக்குக் காலை எட்டு மணி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தது. கன்டெய்னர் ஒன்று நிற்கிறது, ஆவணம் இணைத்திருக்கிறோம், பூட்டியிருக்கிறது, பாதுகாப்புக்காக எண் கீழே கொடுத்திருக்கிறோம், நீங்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. மேலே படிக்க முடியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது மகேசு. இரண்டு மாதமாக ஒருவனும் என்னை எதையும் உறுதி செய்யச் சொல்லவில்லை.

உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? நான் இல்லாம யார்டு நாறிக்கினு கீது. தேடிக்கினு வந்துட்டானுங்கோ."

அவள் கையில் இருந்த அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். "ரிட்டயர் ஆன ஆளுக்கு இன்னாத்துக்குய்யா கன்டெய்னர் அனுப்புறான்? அதுவும் வூட்டுக்கு?"

"உனக்கு இன்னா தெரியும் யார்டு மேட்டரு? போ, கொழம்ப பாரு."

ஆறாவது வரை படித்த உன் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன்? முப்பத்தோரு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. மின்னஞ்சலில் இருந்த எண்ணைப் பூட்டில் போட்டேன். ஒத்துப்போனது. பூட்டு திறந்தது. எண் சரி, சீல் சரி, உள்ளே விடு! அடுத்த நொடி கம்ப்யூட்டர் என்னை நிறுத்தியது: இதை ஏற்ற உனக்கு அனுமதி இல்லை, உரியவரின் கடவுச்சொல் வேண்டும். நீ வைத்த கேட் அது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் திருடிய சாவியைப் போட்டேன்.

டீ குடித்துவிட்டுத் திரும்பினால் என் மாலைப் படங்களின் பெயரெல்லாம் வாய்க்குள் நுழையாத எழுத்துகளாக மாறியிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரு அறிவிப்பு, பணம் கொடுத்தால்தான் கோப்புகளைத் திருப்பித் தருவோம் என்று. உன் கணக்கில் போய்ப் பார்த்தேன், உன் கழிமுகமும் அப்படியே. கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன். சாயங்காலம் நீ வந்தபோது, "கரண்டு போய்ட்டு வந்துச்சும்மே, அப்பால பாத்தா இப்டி கீது" என்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதைத்தான் ஒரு வருடமாக வாயில் அடக்கி வைத்திருக்கிறேன். கரண்ட் போகவே இல்லை.

நீ இணைய ஒயரைப் பிடுங்கிப் போட்டாய், கம்ப்யூட்டரைப் போட்டு அந்தச் சிவப்பு அறிவிப்பைப் படித்தாய். உன் அம்மா, "இன்னாடி ஆச்சு, யாரு பண்ணது?" என்று கத்தியபோது, "என் தப்புதாம்மா. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்" என்றாய். உன் பேராசிரியருக்கும் போனில் அதையே சொன்னாய். அப்புறம் உன் போனை எடுத்து, மின்னஞ்சல் தொடங்கி எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் ஒவ்வொன்றாக மாற்றினாய், என் பக்கம் திரும்பாமலே. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று.

எப்படியாவது அதைச் சரிக்கட்ட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. நாற்காலி போட்டு ஏறி டிஸ்க்கை எடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டு, சொருகப் போனேன். நீ அடுத்த அறையிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தினாயே, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நைனா, கைய எடு!"

"நகல் இதுல தானம்மே கீது, சொருவுனா வந்துடாது?"

"அந்தப் பேய் இன்னும் உள்ளதான் குந்திக்கினு கீது. இப்ப சொருவுனா இத்தையும் துன்னுடும். உலகத்துல வேற நகல் இல்ல நைனா. இது ஒண்ணுதான்."

ஒரு விரற்கடை. அவ்வளவுதான் இருந்தது, இரண்டு வருடச் சனிக்கிழமைகளுக்கும் என் முட்டாள்தனத்துக்கும் நடுவில். டிஸ்க்கை உன்னிடம் கொடுத்தேன். மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் பணத்தைக் கட்டியிருப்பார்கள். நீ இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்துக் காலியாக்கி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, புதுப்பித்து, நாலு தடவை சோதித்து, அதன் பிறகுதான் டிஸ்க்கைச் சொருகினாய். கழிமுகம் வந்தது. முதல் குண்டு இறக்கிய அளவிலிருந்து கடைசிச் சனிக்கிழமை வரை ஒரு அடி குறையாமல் வந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாய். என் நூற்றுப் பதினெட்டுப் படங்கள் வரவில்லை. என்னோடு யார்டு கேட்டில் நின்ற தனபாலின் போனில் இரண்டு இருந்தன. ஒன்றில் கண் மூடியிருக்கிறேன், இன்னொன்றில் மாலை மட்டும் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, அம்மாவுக்குப் பொதுவாகச் சொல்வது போல, சுவரைப் பார்த்து நீ ஒன்று சொன்னாய். "பூட்டு போட்டு அனுப்புனா, நாம காவலுக்கு வெச்சிருக்கிற ப்ரோக்ராமால உள்ள எட்டிப் பாக்க முடியாதும்மா. அதுக்குத்தான் பூட்டு. பூட்டையும் அவனே போட்டான், சாவியையும் அவனே குட்த்தான். எண்ணு ஒத்துப் போவாம வேற இன்னா பண்ணும்?" பிறகு என்னைப் பார்த்து, "நைனாவுக்குத் தெரியாததா? சீலு சரியா இருந்தும் ரிவிட்டு பாத்து புட்ச்ச ஆளாச்சே" என்றாய். நீ கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஆகவே அதையும் கேள். அந்த ரிவிட்டைப் பார்த்தது நானில்லை, தனபால். நான் அந்தக் கன்டெய்னரை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தேன். எண் ஒத்துப்போனது, விட்டுவிட்டேன். அவன்தான் உள்ளே நிறுத்திக் கைப்பிடியைத் தடவினான். சல்யூட் யாரும் யாருக்கும் அடிக்கவில்லை. தனபாலுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கிடைத்தது, அதிலும் பாதியை நான் தின்றேன். உன் டீச்சர் கைதட்டச் சொன்னது அவனுக்குச் சேர வேண்டியது.

உன்னைப் பற்றி மட்டும் நான் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் அது உண்மைக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்து நிற்கிறது, அதுதான் அதிசயம். டீக்கடையில் நாற்பது ரஷ்யாக்காரர்கள், மூன்று நாட்டுக் கூட்டம், என் மகள் தனி ஆளாக விரட்டினாள் என்று சொன்னேன். தனபால் கேட்டான், "மாமு, நாப்பது பேரு உன் வூட்டு கம்ப்யூட்டர்ல இன்னா தேடுனான்?" என்று. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாற்பது பேரை விரட்டுவது பெரிய விஷயமா என்ன? கெடுத்தவன் யார் என்று தெரிந்தும் அவனைத் தகப்பன் என்ற இடத்திலேயே வைத்து, பழியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாயே, அதைச் சொல்ல எனக்கு டீக்கடையில் தைரியம் வரவில்லை. அதனால் ரஷ்யாக்காரர்களைக் கூப்பிட்டேன்.

இப்போது வீட்டு நிலவரம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் டப்பாவை நான் இறக்குகிறேன், நகல் எடுக்கிறேன், பிடுங்கி மூடுகிறேன். கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் சுவிட்சைத் தொடுவதில்லை. உன் அம்மா விசிறியைக்கூட அணைக்கப் பயப்படுகிறாள். என் கணக்கில்தான் உட்காருகிறேன். அவசரத்துக்கு என்று உன் புதுக் கடவுச்சொல்லை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயாம். எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. 'உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று திரையில் ஒன்று குதித்தது, மூடிவிட்டேன். தனபால் பேரனின் பிறந்தநாள் வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். "உன் போன்ல காட்டு தோஸ்து, பொட்டில சொருவ மாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனான்.

கடைசியில் அந்த மின்னஞ்சல். நீ கிளம்பும் அன்று வாசலில் சொன்னாய்: "யாரு பேர்ல வந்தாலும் கேட்டுட்டு தொற நைனா. என் பேர்ல வந்தாலும்." உன் பேரில்தான் வந்திருக்கிறது. முகவரி உன்னுடையது போல இருக்கிறது, ஆனால் கப்பல் ஆபீசிலிருந்து அனுப்பியது போலவும் இருக்கிறது, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டே வரி. நைனா என்று இல்லை. பூட்டு, ஆறு இலக்க எண். நீ அவசரத்தில் யாரிடமாவது சொல்லி அனுப்பச் செய்திருக்கலாம். அல்லது நீயாக இல்லாமலும் இருக்கலாம்.

உன் அம்மா தினமும் அதன் முன்னால் வந்து நிற்கிறாள். நேற்று சொன்னாள், "யோவ், ஒரே ஒரு தபா தொறய்யா. கொயந்த எப்டி கீறான்னு பாத்துட்டு மூடிடலாம்."

"மூட முடியாதும்மே."

"அந்த எண்ணுதான் குட்த்துகீதே?"

"எண்ணு குட்த்துகீது. யாரு குட்த்தான்னு தெரியலயே."

அவள் முந்தானையால் திரையில் இருந்த தூசியைத் துடைத்தாள், உன் பெயர் இருந்த இடத்தை மட்டும். பிறகு போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் விரல் இருந்த இடத்துக்கும் அந்தக் கோப்புக்கும் மறுபடியும் ஒரு விரற்கடைதான். எனக்கும் பார்க்க வேண்டும் மகேசு. அவளைவிட எனக்கு அதிகம் வேண்டும்.

இதையெல்லாம் படித்த பிறகு உடனே என்னோடு பேச உனக்கு மனம் வராமல் போகலாம். படம் நீ அனுப்பியதுதானா என்று பாஷா பாயிடம் ஒரே வார்த்தை சொல். கப்பல் கிளம்புவதற்குள் கரையிலிருந்து அவர் எனக்குப் போன் பண்ணுவார், அவர் குரல் எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் அன்றைக்கே அம்மாவை உட்கார வைத்துத் திறப்பேன். இல்லை என்றால் அழித்துவிட்டு, அடுத்த கரையில் நீ பேசும் வரை காத்திருப்போம். எத்தனையோ பெட்டிகளை நிறுத்தியதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். சீல் சரியாக இருந்தும் நான் நிறுத்தி வைத்த பெட்டி இது ஒன்றுதான். தனபாலிடம்கூட இன்னும் சொல்லவில்லை.